அட்டையில் இருந்த நேரம்

அரசு அலுவலக வாசலுக்கு எதிரே நாலு டைப்பிங் கடைகள் இருந்தன. மனு எழுத வருகிறவர்கள் விசாரித்துக்கொண்டு மூன்றாவது கடைக்குத்தான் போவார்கள். அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நாற்பத்தாறு வயது. தெருவில் எல்லோரும் அவளைக் கமாக்கா என்றே கூப்பிட்டார்கள். வந்தவர் மூச்சு விடாமல் தன் குறையைக் கொட்டும்போது அவள் இடது கையை உயர்த்தி, "இருங்க, இங்க ஒரு கமா" என்பாள். கொட்டுகிறவரும் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்வார். படிக்கிற அதிகாரிக்கும் மூச்சு வாங்க இடம் வேண்டாமா என்பது அவள் கட்சி.

அவள் கணவர் ஊருக்கு மேற்கே இருக்கும் அணையில் ஷட்டர் ஆபரேட்டர். இருபத்திரண்டு வருடம் அதே வேலை. மூன்று ஷட்டர், ஒரு மோட்டார் அறை, ஒரு டெலிபோன், நீர்மட்டத்தையும் ஷட்டர் உயரத்தையும் பத்து நிமிடத்துக்கு ஒருதடவை தானாகக் குறித்துக்கொள்ளும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அவருடைய ராஜ்ஜியம் அவ்வளவுதான். அதிகம் பேசாத மனிதர். வீட்டுக்கு வந்தாலும் குழாயில் தண்ணீர் சொட்டினால் முதலில் எழுந்து போய் அதை மூடிவிட்டு வந்துதான் சாப்பிட உட்காருவார்.

அந்த வருடம் மேலே மலையில் கொட்டித் தீர்த்த ஒரு நாள், மத்தியானத்துக்கு மேல் மூன்று ஷட்டர்களும் திறக்கப்பட்டன. நாலு கிலோமீட்டர் கீழே ஒரு தரைப்பாலம். டூவீலரில் அதைக் கடந்துகொண்டிருந்த இரண்டு பெண்களைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. அக்கா தங்கை. அக்காவின் கணவர் அதே சாலையில் பஞ்சர் கடை வைத்திருந்தார். மறுநாள் பேப்பரில் அவர் படம் வந்தது. ஒரு கையில் ட்யூபோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிற படம்.

அதே பேப்பரில் அணைக்குப் பொறுப்பான என்ஜினீயரின் பேச்சும் வந்திருந்தது. "ஒரு மணிக்கே போன் பண்ணி, கொஞ்சம் கொஞ்சமா திறக்கச் சொன்னேன். ஆபரேட்டர் சும்மா இருந்துட்டு, மூணு மணிவாக்குல எல்லாத்தையும் ஒரேயடியா தூக்கிட்டார்." மூன்றாம் நாள் கணவருக்கு சஸ்பெண்ட் ஆர்டர் வந்தது.

"அப்படியா நடந்துச்சு?" என்று அவள் கேட்டாள்.

"ஒன்னு இருபதுக்கே ஆரம்பிச்சேன். ஒரு சாண், ஒரு சாணாத்தான் தூக்கினேன்" என்றார் அவர். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அதையே அவள் விசாரணைக்குக் கொடுக்கும் வாக்குமூலமாக டைப் செய்தாள். ஊராருக்கு எழுதியதைவிட நன்றாக எழுதினாள். எழுதிய பிறகு ஒரு நாளில்லை ஒரு நாள் உண்மை தெரிந்துவிடும், இவர் வேலைக்குத் திரும்பிவிடுவார் என்று நம்பவும் தொடங்கினாள். அக்கம்பக்கம் பேச்சுக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. மாடியில் துணி காயப்போடப் போனால் இவளுடைய கயிற்றுக்குப் பக்கத்துக் கயிறு காலியாகவே இருந்தது.

ஒரு மாதம் கழித்துத் துணி துவைக்கும்போது அவருடைய காக்கிச் சட்டைப் பையில் அது கையில் தட்டியது. தீப்பெட்டியைவிடப் பெரிதாக, உலோகத் தகடு போர்த்திய ஒரு தட்டையான அட்டை. ஒரு ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள்.

"இது என்னங்க?"

அவர் முகம் மாறியது. "பெட்டியில இருந்த அட்டை. தண்ணி பெட்டிவரைக்கும் ஏறப் பாத்துச்சு. நனைஞ்சிடும்னு உருவிப் பாக்கெட்ல போட்டேன்."

"அப்ப அன்னைக்கு நடந்தது பூரா இதுல இருக்குமே! இவ்வளவு நாள் ஏங்க சொல்லல?"

"அதுல ஒன்னும் இருக்காது. விடு."

அவள் விடுகிற ஜாதி இல்லை. மறுநாளே அணை அலுவலகத்துக்குப் போனாள். மாதாமாதம் அட்டையை மாற்றி அலுவலகத்துக்கு அனுப்புவது வழக்கம் என்று அவளுக்குத் தெரியும். அங்கிருந்த குமாஸ்தா ஒரு பீரோவைத் திறந்து காட்டினார். இருபது வருடத்து அட்டைகள், பழைய சோப்புக் கட்டிகள் மாதிரி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"படிக்கிற மிஷின் கெட்டுப்போய் எட்டு வருஷம் ஆச்சும்மா. வர்றதை வாங்கி வச்சுக்கிறோம். அவ்வளவுதான்."

"அப்ப இதை யாரு படிக்கிறது?"

"படிச்சு பிரிண்ட் எடுத்துட்டு வந்தீங்கன்னா விசாரணை அதிகாரிகிட்ட கொடுங்களேன். யாரு வேணாம்னா?" என்றார் குமாஸ்தா. அவர் விளையாட்டாகச் சொன்னார். அவள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டாள்.

டைப்பிங் கடை முதலாளி காசு கொடுத்து மென்பொருள் வாங்குகிற ரகம் இல்லை. அதனால் கடையில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ்தான் ஓடியது. ஒரு கோளாறு என்றால் வந்து பார்க்க ஆள் கிடையாது. பதினைந்து வருடமாக அதோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி, கறுப்புத் திரையில் கட்டளை அடித்து வேலை வாங்குகிற அளவுக்கு அவளுக்கு அது பழகியிருந்தது. கடை மூலையில் யாரோ ரிப்பேருக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கிப் போகாத ஒரு பழைய லேப்டாப், லினக்ஸ் ஏற்றியபடி, கிடந்தது. அதன் பக்கவாட்டில் கார்டு செருகும் ஸ்லாட் ஒன்று உண்டு. அட்டையை வைத்துப் பார்த்தாள். ஸ்லாட் குறுகல், அட்டை அகலம். இரண்டும் வேறு வேறு காலத்துச் சாமான்கள்.

குறுகிய ஸ்லாட்டில் ஒரு முனையைச் செருகினால், மறுமுனையில் அகல அட்டைக்கு இடம் கொடுக்கும் அடாப்டர் ஒன்று உண்டு என்று தேடிக் கண்டுபிடித்தாள். அது கூரியரில் வந்து சேரப் பதினெட்டு நாள் ஆனது. மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு முதலாளி சாப்பிடப் போகும் ஒரு மணி நேரம்தான் அவளுடைய நேரம். அடாப்டரைச் செருகினாள். லேப்டாப் ஒரு பொட்டுச் சத்தம்கூட எழுப்பவில்லை. கழற்றிச் செருகினாள். மேசையில் தட்டிச் செருகினாள். அடாப்டர் அதுபாட்டுக்கு இருந்தது, சிஸ்டம் அதுபாட்டுக்கு இருந்தது.

பழைய கார்டுகளை லினக்ஸில் ஓட வைப்பவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. அவள் அங்கே எழுதினாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் மனு ஆங்கிலம் ஒன்றுதான். ஆகவே பொருள், பார்வை, விவரம், வேண்டுகோள் என்று வகுத்து, இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள என்று முடித்து அனுப்பினாள். திரையில் வந்த செய்திகளை அட்டவணையாக இணைத்தாள். இரண்டு நாளில் ஒரு பதில் வந்தது. எழுதியவர் தன்னைத் துருப்பிடித்தவன் என்று அழைத்துக்கொண்டார். எந்த நாடு, ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. முப்பது வருடத்தில் இவ்வளவு தெளிவான புகாரைத் தான் படித்ததில்லை என்று முதல் வரியில் இருந்தது. இரண்டாவது வரியில் ஓர் எச்சரிக்கை இருந்தது.

இந்த வகை அட்டைக்குள் ஒரு பொத்தான் பேட்டரி இருக்கிறது. அதன் உயிரில்தான் அதிலுள்ள எழுத்தெல்லாம் நிற்கிறது. பேட்டரி தீர்ந்தால் அட்டை வெறும் தகடு. அட்டையை ஸ்லாட்டில் செருகி மின்சாரம் ஏறிய பிறகுதான் பேட்டரியை மாற்றலாம். அதற்கு முன்னால் அவசரப்பட்டுக் கழற்றிவிட்டால் அத்தனையும் போய்விடும். அட்டை எத்தனை வருடப் பழையது என்று அவர் கேட்டிருந்தார்.

அவள் அந்த லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோக முதலாளியிடம் அனுமதி வாங்கினாள்.

அந்த வாரமும் அடுத்த வாரமும் எதுவும் நடக்கவில்லை. துருப்பிடித்தவன் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். ஒரு டிரைவரைக் கழற்றிப் பார், இன்னொன்றை ஏற்றிப் பார், அடாப்டரை முன்பே செருகிவிட்டு லேப்டாப்பை இயக்கிப் பார். ஒவ்வொரு தடவையும் திரையில் அதே வரி வந்து நின்றது. கணவர் சமையலறை வாசலில் நின்று பார்ப்பார். சஸ்பெண்டான நாளிலிருந்து வீட்டில் செய்ய வேலை இல்லாமல், எல்லாக் குழாய்களுக்கும் வாஷர் மாற்றிவிட்டார். மாற்றியதையே திரும்ப மாற்றிக்கொண்டிருந்தார்.

"விட்டுடேன்" என்பார். "எவ்வளவு நாள் இதைக் கட்டிக்கிட்டு அழுவ?"

"நீங்க நம்பிக்கையை விட்டுட்டீங்க. நான் விடல" என்பாள்.

அவர் உள்ளே போய்விடுவார். மனிதர் இடிந்துபோயிருக்கிறார் என்று நினைத்து அவள் இன்னும் வெறியோடு உட்காருவாள். அட்டையை எடுக்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் அந்தப் பொத்தான் பேட்டரியின் ஞாபகம் வரும். நாடி பார்ப்பது மாதிரி அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் காலையில் துருப்பிடித்தவனிடமிருந்து ஒற்றை வரி வந்தது. சிஸ்டம் எழும்பும்போது கொடுக்கும் கட்டளையின் கடைசியில் இந்த ஒரு சொல்லைச் சேர்த்துப் பார் என்று. லேப்டாப்பின் உள்ளே தகவல் போய்வரும் வழிகளுக்கு பஸ் என்று பெயர். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஓர் எண் உண்டு. லேப்டாப் செய்தவர்கள் அடாப்டருக்குப் பின்னால் இருக்கும் வழிக்கு எண் எதுவும் மிச்சம் வைக்கவில்லை. எண்களையெல்லாம் நீயே புதிதாக ஒதுக்கிக்கொள் என்று சிஸ்டத்துக்குச் சொல்வதுதான் அந்தச் சொல்.

அடித்தாள். லேப்டாப் அணைந்து எழுந்தது. டிக் என்று ஒரு மெல்லிய சத்தம். திரையில் புதிய வரிகள் ஓடின. அட்டை செருகப்பட்டுள்ளது, மின்சாரம் ஏறியுள்ளது, பேட்டரி பலவீனம்.

"பஸ் நம்பர் போடாம அஞ்சு வாரமா ஸ்டாப்புல நிக்க வச்சுட்டானுங்களே, பாவிங்க!" என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு முடியும் முன்பே அழுகை வந்துவிட்டது. கணவர் வாசலில் நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"கடைக்குப் போய் ஒரு பொத்தான் பேட்டரி வாங்கிட்டு வாங்க" என்றாள். அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த நம்பரைத் தாளில் எழுதிக் கொடுத்தாள். அவர் தாளை வாங்கிக்கொண்டு நெடுநேரம் அங்கேயே நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பத்து நிமிடத்தில் வரவேண்டியவர் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். சரியான பேட்டரியைத்தான் வாங்கி வந்திருந்தார். ஊசி முனையால் பழையதை நெம்பி எடுத்துப் புதியதை வைத்தாள். திரையில் பலவீனம் என்ற சொல் மறைந்தது.

அட்டையில் இருப்பதைப் படிக்க இன்னொரு சின்ன மென்பொருள் வேண்டியிருந்தது. இந்தக் காலத்தில் யாரும் கேட்பதில்லை என்று சிஸ்டம் செய்கிறவர்கள் அதைச் சேர்ப்பதில்லை. அதன் மூல நிரலை இணையத்திலிருந்து இறக்கி, ஓடக்கூடிய மென்பொருளாகத் தானே சமைத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தாள். பதினொரு மணிக்கு லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று நின்றது. அதில் இருந்த வேண்டாத மென்பொருள்களை அழித்து இடம் பண்ணினாள். மத்தியானம் வேறொரு பிழை. லேப்டாப் அடுப்பாகச் சுட்டது. அடியில் நனைத்த துணியை வைத்து மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினாள். மூன்றே கால் மணிக்கு வேலை முடிந்தது. அட்டையில் இருந்த அத்தனையும் ஒரு கோப்பாக இறங்கி வந்தது. இனி பேட்டரி செத்தாலும் கவலையில்லை.

வந்தது எல்லாம் எண்கள். தலையும் இல்லை, வாலும் இல்லை. ஆனால் இருபத்தைந்து வருடம் பத்தி பத்தியாக அடித்த கண் அது. பதினாறு பதினாறாக வெட்டினால் ஒரே மாதிரி அடுக்குகள் வருவதைப் பிடித்துவிட்டாள். கணவர் தினமும் காலை எட்டுக்கும் மாலை நாலுக்கும் கையால் நீர்மட்டம் எழுதிய நோட்டு வீட்டில் இருந்தது. நோட்டின் எண்ணும் அட்டையின் எண்ணும் எந்த இடத்தில் ஒத்துப்போகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தாள். முதலில் தேதி பிடிபட்டது, அப்புறம் மணி, அப்புறம் நீர்மட்டம், கடைசியில் மூன்று ஷட்டர்களின் உயரம். நாலு நாள் ஆனது. நாலாம் நாள் காலையில் அந்தத் தேதிக்கு வந்து சேர்ந்தாள்.

ஒன்று இருபது. ஷட்டர் உயரம் பூஜ்யம்.

எங்கோ தப்பு விட்டிருக்கிறோம் என்று மேலே போய் மறுபடி இறங்கி வந்தாள். ஒன்று முப்பது, பூஜ்யம். ஒன்று நாற்பது, பூஜ்யம். இரண்டு, பூஜ்யம். வரிசையாகப் பூஜ்யங்கள். நீர்மட்டம் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டு ஐம்பதில் முதல் ஷட்டர். மூன்று மணிக்கு மூன்றும் முழு உயரம்.

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். கணவர் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அட்டை சரியாத்தான் சொல்லுது" என்றார் அவர்.

அவள் திரும்பவில்லை. "அப்ப எங்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

அவர் தரையில் உட்கார்ந்தார். அத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

அன்று இங்கே மழை இல்லை. ஷட்டருக்குக் கீழே மணலில் ஒரு லாரியை இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். துணி துவைக்கிறவர்கள், குளிக்கிறவர்கள், பிள்ளைகள் என்று இருபது பேருக்குமேல் இருக்கும். ஒரு மணிக்கு என்ஜினீயரின் போன் வந்தது. இவர் சைரனை அழுத்தினார். சைரன் மோட்டார் எரிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மாற்றச் சொல்லி மூன்று கடிதம் போட்டிருந்தார். இருந்தாலும் அழுத்தினார். பிறகு மேலேயிருந்து கத்தினார்.

"கையை ஆட்டி ஆட்டிக் கத்தினேன். பசங்க எனக்குத் திருப்பிக் கையை ஆட்டுதுங்க. விளையாட்டுன்னு நெனச்சுடுச்சுங்க. அப்பறம் நானே எறங்கி ஓடினேன். மேல மோட்டார் ரூம்ல வேற ஆள் இல்லை. எல்லாரையும் வெரட்டிக் கரையேத்தினேன். லாரி மணல்ல மாட்டிக்கிச்சு. டிரைவர் வண்டியை விட்டுட்டு வரமாட்டேங்கிறான். அவன் கால்ல விழாத குறை. ஒரு வழியா அவனும் ஏறினான். நான் படி ஏறி மேல வந்தப்ப தண்ணி அணை விளிம்பைத் தொட்டுக்கிட்டு நின்னுச்சு. அதுக்கப்பறம் சாண் கணக்கு பாக்க முடியல. எல்லாத்தையும் தூக்கிட்டேன்."

"இதைச் சொல்லியிருக்கலாமே! இருபது பேரைக் காப்பாத்தியிருக்கீங்களே!"

"அந்த இருபது பேரைக் காப்பாத்தினேன்னு சொன்னா, இந்த ரெண்டு பேரைக் கொன்னேன்னும் சொல்லணும்ல?" என்றார். "கண்ணுக்குத் தெரிஞ்சவங்களைப் பாத்தேன். தெரியாதவங்களை விட்டுட்டேன்."

அவள் அட்டையைக் கையில் எடுத்தாள். "அட்டையை அப்பவே தூக்கிப் போட்டிருக்கலாமே?"

"ரெண்டு தடவை ஆத்துவரைக்கும் எடுத்துட்டுப் போனேன். கை வரல."

பேட்டரியை வாங்குவதா வேண்டாமா என்று அவர் தவித்த அந்த ஒன்றரை மணி நேரம் அவளுக்கு அப்போது விளங்கியது.

மூன்றாம் நாள் அவள் மறுபடி அந்தத் தாள்களை எடுத்தாள். கோபத்தில் முதல் தடவை அவள் கண்ணில் படாத ஒன்று மேலே இருந்தது. அன்று காலை பத்து நாற்பதுக்கே நீர்மட்டம் அபாய அளவான சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. சிவப்புக் கோட்டைத் தொட்டவுடன் திறக்க உத்தரவு வரவேண்டும் என்பது சட்டம். உத்தரவு இல்லாமல் ஆபரேட்டர் ஷட்டரைத் தொடக்கூடாது. அன்று காலையிலிருந்து அரை மணிக்கு ஒருதரம் போன் போட்டதாகவும், யாரும் எடுக்கவில்லை என்றும் அவர் சொன்னார். பத்து நாற்பதுக்கும் ஒரு மணிக்கும் நடுவே இரண்டு மணி இருபது நிமிடம். அப்போது மணலில் லாரி வந்திருக்கவில்லை.

"இருக்கிறதை இருக்கிறபடி சொல்லிடுவோம். உங்க தப்பு உங்களோட, அவங்க தப்பு அவங்களோட" என்றாள். அவர் தலையாட்டினார். புதிய வாக்குமூலத்தை அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். இந்தத் தடவை அழகுபடுத்தவில்லை.

விசாரணை அதிகாரியின் அறையில் இரண்டு ஜன்னல், ஒரு நீள மேசை. அதிகாரி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாள்களைப் புரட்டினார். பத்து நாற்பது என்று அவள் அடிக்கோடிட்ட இடத்தில் அவர் விரல் நின்றது. பிறகு தாள்களைச் சேர்த்துத் தட்டி, மேசையின் இந்தப் பக்கமாக நகர்த்தினார்.

"இதை யாரு படிச்சது?"

"நான்தான் சார்."

"எதுல?"

"கடையில இருக்கிற பழைய லேப்டாப்ல. ஒரு அடாப்டர் போட்டு, லினக்ஸ்ல…"

"ஏம்மா, அட்டை மாசக்கணக்கா உங்க வீட்டுல இருந்திருக்கு. கம்பெனி சர்டிஃபிகேட் இல்லை. ஓசியில வர்ற சிஸ்டம். ஆபரேட்டர் வீட்டம்மா படிச்சுச் சொன்னாங்கன்னு நான் ரிப்போர்ட்ல எழுதினா, என்னைப் பாத்துச் சிரிப்பாங்களா மாட்டாங்களா?"

"எப்படிப் படிச்சேன்னு வரிவரியா எழுதிக் கொடுத்திருக்கேன் சார். யாரு வேணும்னாலும் அதேமாதிரி செஞ்சு பாக்கலாம். அந்த சிஸ்டத்துல மறைக்கிறதுக்கு ஒன்னும் இல்லை, எல்லாம் வெளிப்படை."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. இதை ஏத்துக்க முடியாது." பிறகு, போகிற போக்கில் சொல்வது மாதிரி, "வாக்குமூலத்தை மட்டும் வச்சுட்டுப் போங்க" என்றார்.

அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. ஏழு வாரம் கழித்து டிஸ்மிஸ் ஆர்டர் வந்தபோது உறைத்தது. ஆபரேட்டர் இரண்டு முரண்பட்ட வாக்குமூலங்கள் கொடுத்திருக்கிறார், உத்தரவு கிடைத்தும் தாமதித்ததைத் தானே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று அதில் இருந்தது. அவர் வாயால் சொன்ன இரண்டு ஐம்பதை எடுத்துக்கொண்டார்கள். அட்டை சொன்ன பத்து நாற்பதை எடுத்துக்கொள்ளவில்லை. என்ஜினீயர் பெயர் ஆர்டரில் ஒரே இடத்தில் வந்தது, தகவல் கொடுத்தவர் என்ற முறையில்.

ஆர்டரை அவள் மூன்று முறை படித்தாள். தன் விரலே தன் வீட்டுக் கூரையைப் பிரித்துவிட்டதாகத் தோன்றியது. அட்டை வாயைத் திறக்காமலே இருந்திருந்தால் முதல் வாக்குமூலம் நின்றிருக்கும், சாட்சி இல்லை என்று பாதித் தண்டனையோடு போயிருக்கும். அவர் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. துருப்பிடித்தவனுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தாள். அட்டை வேலை செய்தது என்று மட்டும் எழுதி அனுப்பினாள். அவர் மிகவும் மகிழ்ந்து பதில் போட்டிருந்தார். அந்த வழிமுறையை மற்றவர்களுக்காகக் குழுவின் பக்கத்தில் ஏற்றியிருப்பதாகவும் எழுதியிருந்தார்.

கணவர் ஒரு சிமெண்ட் கிடங்கில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். பகல் வேலை. அவள் எப்போதும்போல மூன்றாவது கடையில் உட்கார்ந்தாள்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு முற்பகலில்தான் பஞ்சர் கடைக்காரர் வந்தார். பேப்பரில் பார்த்த முகத்தை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். ஆள் பாதியாகியிருந்தார். நகக்கண்ணில் கறுப்பு ஏறிய கையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ ஒருத்தியிடம் பேசுகிற மாதிரி அவளிடம் பேசினார்.

"ஒரு மனு எழுதணும்மா. எம் பொண்டாட்டியும் கொழுந்தியாளும் தண்ணியில போயிட்டாங்க. எத்தனை மணிக்குத் தண்ணி விட்டாங்க, ஏன் சொல்லாம விட்டாங்கன்னு கேட்டு எழுதணும். எங்க போய்க் கேட்டாலும் நேரத்தை மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

அவள் விரல் விசைப்பலகையின்மேல் நின்றது. வேறு கடைக்குப் போகச் சொல்லலாம். தலைவலி என்று எழுந்துவிடலாம். அவள் அடிக்க ஆரம்பித்தாள். பத்து நாற்பதுக்கு நீர்மட்டம் சிவப்புக் கோட்டைத் தாண்டியது, ஒரு மணிக்கு உத்தரவு, இரண்டு ஐம்பதுக்கு முதல் ஷட்டர், மூன்று மணிக்கு மூன்றும். சைரன் வேலை செய்யவில்லை. அடித்ததை வாசித்துக் காட்டினாள்.

அவர் நிமிர்ந்தார். "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஷட்டர் ஆபரேட்டர் என் வீட்டுக்காரர்."

பிறகு அவள் அட்டையைப் பற்றியும், மணலில் இருந்தவர்களைப் பற்றியும், லாரியைப் பற்றியும் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

"மத்தவங்க ஏறினதுக்கு அப்பறம், அந்த லாரிக்காரனுக்காக எவ்வளவு நேரம் நின்னார்?"

"முக்கால் மணி நேரம் இருக்கும்னார்."

"அவனை விட்டுட்டு மேல போயிருக்கலாம்ல?"

"போயிருக்கலாம்" என்றாள்.

"அதையும் எழுதுங்க."

எழுதினாள். பிரிண்ட் எடுத்து, அட்டையின் தாள்களில் ஒரு பிரதியையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தாள். அவர் இரண்டையும் வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அவளை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவளால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு எதிரே இருந்த அலுவலக வாசலுக்குள் போனார்.

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னாள். சட்டையில் ஒட்டியிருந்த சிமெண்ட் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"லாரியைப் பத்தியும் எழுதினியா?"

"எழுதினேன்."

"என்னன்னு?"

"விட்டுட்டு மேல போயிருக்கலாம்னு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "சரியாத்தான் எழுதியிருக்க" என்றார்.

மனு பெறப்பட்டது என்று பஞ்சர் கடைக்காரருக்கு ஒரு சீட்டு கொடுத்தார்களாம். அவர் மாதம் ஒருமுறை அந்த அலுவலகத்துக்கு வருகிறார். வாசலில் நின்று சீட்டைக் காட்டுகிறார், அடுத்த மாதம் வரச் சொல்கிறார்கள், போய்விடுகிறார். மூன்றாவது கடைப் பக்கம் திரும்புவதில்லை. அவர் வந்து நிற்கிற நாளில் அவள் தட்டச்சை நிறுத்திவிட்டு, அவர் படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.